"வெறும் நண்பர்களாக இருக்கக் கூடாதா?"

சில வாரங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கில் முதுகலை மாணவி ஒருவர் கட்டுரை வாசித்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சூப்பர்மேனையும் பேட்மேனையும் காதலராக்கி வங்காள மொழியில் எழுதப்படும் ரசிகர் புனைவுகளில் முன்னிலைப் பெயர்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். பதினைந்து நிமிடக் கட்டுரை. பன்னிரண்டாம் நிமிடத்தில் தலைமை வகித்த பேராசிரியர் கையுயர்த்தி நிறுத்தினார். "இரண்டு ஆண்கள் வெறும் நண்பர்களாக இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவை சிரித்தது. மாணவி தாள்களை மடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். அந்தப் பொருளையே கைவிடப் போவதாகப் பிறகு தேநீர்க் கடையில் என்னிடம் சொன்னார்.

சிரிப்புக்காகக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வியை நான் ஆய்வுக் கேள்வியாகவே ஏற்று விடை எழுதுகிறேன். இரு நாயகர்களை இணைவைத்துப் பார்ப்பதில் வாசகர்க்கு ஏன் இத்தனை விருப்பம்? ஆங்கிலப் படம் பார்த்துக் கெட்டுப்போன பிள்ளைகளின் புதுப்பழக்கம் என்பது வழக்கமான ஒரு விடை. நாயகனைத் தனக்கென விரும்பும் பெண்ணின் மறைமுக ஆசை என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. தவறென்று காட்ட ஹாலிவுட் வரை போக வேண்டியதில்லை. பெஹாலாவில் என் தெருமுனையே போதும்.

சப்தமி விடியலில் இங்கே ஒரு வாழைக்கன்றை நீராட்டிக் கொண்டுவருவார்கள். சிவப்புக் கரையிட்ட வெள்ளைப் புடவை உடுத்தி, முக்காடிட்டு, துர்க்கைப் பந்தலில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள். மஞ்சள், வில்வம், மாதுளை, அசோகு, நெல் என்று வாழையோடு சேர்த்து ஒன்பது செடிகள் அதில் கட்டப்பட்டிருக்கும். நவபத்திரிகை என்று பெயர். துர்க்கையின் ஒன்பது வடிவங்கள் என்பது சாத்திரம். தெருவில் கேட்டாலோ 'கொலா பௌ' என்பார்கள். வாழை மணப்பெண், பிள்ளையாரின் மனைவி. சாத்திரப்படி பார்த்தால் அவள் அவருக்குத் தாய் முறை! அரசமரத்தடியில் பிரமசாரியாக அமர்ந்திருக்கும் பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலாண்டில் பேரதிர்ச்சியாக இருந்தது. (வள்ளியும் தெய்வயானையும் இல்லாமல் முருகன் இங்கே தனியாளாய் நிற்பது இரண்டாவது அதிர்ச்சி.) 1610 முதல் சாவர்ண ராய்சௌதுரி குடும்பத்தின் துர்க்கை பூசை நடக்கும் பாரிஷா இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அத்தனை ஆண்டுகளில் ஒரு புரோகிதரும் திருத்தாமலா இருந்திருப்பார்? ஊர் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்பதில்தான் நம் பொருளின் அடிப்படை இருக்கிறது. இரண்டு உருவங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று தலை குனிந்து முக்காடிட்டிருக்கிறது. இவர்களுக்குள் என்ன உறவு என்று யாரும் கதை சொல்லவில்லை. அண்மை இருக்கிறது, சொல் இல்லை. அந்த இடத்தைப் பார்ப்பவர் நிரப்புகிறார். ரசிகர் செய்வதும் இதைத்தான்.

நிரப்பியவர்கள் எளிய மக்கள் மட்டும் என்றும் சொல்ல முடியாது. பாகவத புராணத்தில் இராதையின் பெயர் கிடையாது. கண்ணனோடு தனியே சென்ற ஒருத்தியைப் பற்றிய குறிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். இராதைக்கு ஊடலும் கூடலும் தந்து, 12-ஆம் நூற்றாண்டில் ஜயதேவர் ஒரு காவியமே பாடினார். வங்காளம் அதன் பிறகு அந்த இணையை விடவேயில்லை. வங்க மொழி வரலாறு படிக்கும் எவரும் தவிர்க்க முடியாத நூல் படு சண்டிதாசரின் ஸ்ரீகிருஷ்ணகீர்த்தனம். பசந்த ரஞ்சன் ராய் 1909-இல் பாங்குரா மாவட்டத்தில் கண்டெடுத்து, 1916-இல் வங்கீய சாகித்திய பரிஷத் வெளியிட்டது. வகுப்பில் நாங்கள் அதன் வினைவிகுதிகளை எண்ணிக்கொண்டிருப்போம். எண்ணப்படும் வினைகள் எவ்வகைச் செயல்களைக் குறிக்கின்றன என்று பார்த்தால், அந்த மாணவியின் கட்டுரையிலிருந்த கதைகள் பாலர் பாடம். அங்கே எந்தத் தலைவரும் கையுயர்த்துவதில்லை.

அடுத்து, இராதை கண்ணனுக்கு உரிமை மனைவியா, பிறன்மனையா என்றொரு வழக்கு எழுந்தது. சுவகீயம், பரகீயம் என்று கட்சிகள் பிரிந்தன. ஜீவ கோஸ்வாமியின் சார்பு ஒரு பக்கம், விசுவநாத சக்கரவர்த்தியின் சார்பு மறுபக்கம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் இதற்கென்றே பண்டிதர்கள் கூடி வாதிட்டார்கள். பரகீயக் கட்சி வென்றது. எந்த இணை மூலத்துக்கு ஒத்தது, எது ஒவ்வாதது என்று இன்றைய ரசிகர்கள் இரவெல்லாம் சண்டையிடுவதைக் கண்டு நகைப்பவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டு நகைக்கலாம்.

தமிழர்கள் ஒதுங்கி நின்றுவிட முடியாது. வால்மீகியின் இராமன் வில்லை முறிக்கும் முன் சீதையைக் கண்டதில்லை. கம்பரால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. களவு இல்லாமல் கற்பு எங்கிருந்து வரும்? எனவே மிதிலை வீதியில் அவனை நடக்கவிட்டு, கன்னிமாடத்தில் அவளை நிற்கவைத்து, கண்கள் சந்திக்க ஓர் இடம் ஒதுக்கினார். மூலத்தில் இல்லாத முன்கதையை எழுதிச் சேர்ப்பதற்கு ரசிகர் உலகில் தனிப் பெயரே உண்டு. நாம் அதைக் கவிச்சக்கரவர்த்தியின் மேதைமை என்கிறோம், சரியாகவே சொல்கிறோம். பெரிய எழுத்துப் பதிப்புகளாகச் சந்தையில் விற்ற அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அருச்சுனனைத் தமிழ்நிலத்துப் பெண்களோடு இணைத்தன. தியாகராஜ பாகவதரின் முதற்படமே பவளக்கொடிதான், 1934. பாரதத்தின் மாபெரும் வில்லாளியைப் பிடித்து வந்து மதுரையில் அல்லியிடம் அல்லல்பட வைத்ததற்காக எந்தப் பாட்டியும் கூச்சப்படவில்லை.

ஆணும் பெண்ணும் என்றால் சரி, ஆணும் ஆணும் என்பதே சிக்கல் என்று தலைவர் சொல்லக்கூடும். கூவாகத்துக்கு ஒரு சித்திரைப் பௌர்ணமிக்குப் போய்வரட்டும். களப்பலியாகும் அரவானுக்கு ஓர் இரவு மனைவியாகக் கண்ணனே மோகினி வடிவெடுத்து வந்தான் என்பது அங்கே கதை. வியாசரிடம் இந்தத் திருமணம் இல்லை. கூவாகம் ரசிகர் விளையாட்டன்று. திருநங்கையர் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழும் சடங்கு. இரண்டையும் ஒன்றென்று சொன்னால் அது அவமதிப்பாகும். ஆயினும் கதைகட்டும் முறை ஒன்றே: மூலம் சொல்லாமல் விட்ட நெருக்கத்துக்கு ஒரு வடிவம் தருவது. வங்காளத்திலோ சைதன்யரும் நித்யானந்தரும் 'கௌர-நிதாய்' என்று கைகளை உயர்த்தி எப்போதும் இணையாகவே நிற்கிறார்கள். கதாதரரை இராதையின் அவதாரம் என்று கொண்டு 'கௌர-கதாதர'ரை வழிபடும் மரபும் உண்டு. சைதன்யரே இராதையும் கண்ணனும் ஒருடலில் வந்த வடிவம் என்கிறது சைதன்ய சரிதாமிருதம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இனி அந்த இரண்டாவது விடை. ரசிகை நாயகனைத் தனக்காகவே விரும்புகிறாள் என்றால், அவள் தன்னையே கதையில் நுழைத்துக்கொள்ளலாமே. எதற்காக வேறொரு ஆணைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்? இவ்விடத்தில் நவீனக் கோட்பாடுகள் தடுமாறுகின்றன. கௌடீய வைணவம் தடுமாறவில்லை. மஞ்சரி நெறி என்று ஒன்று அங்கே வளர்ந்தது. அடியார் தம்மை இராதையின் இளந்தோழியாகப் பாவித்துக்கொள்கிறார். கண்ணனோடு தாம் கூடுவது அவர் நோக்கம் அன்று. அவ்விருவர் கூடுவதற்கு மாலை தொடுப்பதும், வழி காட்டுவதும், கண்டு மகிழ்வதுமே அவருக்குப் பேரின்பம். இருவருடைய இன்பத்தை வெளியே நின்று நுகர்வது தாழ்ந்த நிலை என்று அவர்கள் கருதவில்லை. அதையே உச்சியில் வைத்தார்கள். நம் அகப்பாடல்களின் தோழியும் இந்த இடத்தில்தான் நிற்கிறாள். அவள் குரலில் பாடிய புலவர்கள் எத்தனை பேர்! நம்மாழ்வார் பராங்குச நாயகியானதை ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்துகிறோம். ஆண்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்ணாகிப் பாடினார்கள். இப்போது பெண்கள் ஆண்களாகி எழுதுகிறார்கள். திசை மாறியதும் நமக்கு வியர்க்கிறது.

ஏன் இரு நாயகர்கள்? நாயகனும் நாயகியும் என்று ஏற்கெனவே இருக்கும் இணை ஏன் போதவில்லை? இதற்குத் தொல்காப்பியர் உதவுவார். மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய பத்து ஒப்புமைகளைச் சொல்கிறார். பிறப்பும் ஆண்டும் உருவும் அருளும் உணர்வும் அவற்றுள் அடங்கும். இந்த அளவுகோலைச் சூப்பர்மேனிடம் கொண்டுபோங்கள். 1938-இல் முதல் இதழிலேயே லோயிஸ் லேன் வந்துவிட்டாள். நெடுங்காலம் அவள் சூப்பர்மேனை விரும்பினாள், கிளார்க் கெண்டை இகழ்ந்தாள். அவனோ கிளார்க்காக அவளை விரும்பினான், சூப்பர்மேனாக விலகினான். இருவருக்குள் இரண்டு கைக்கிளைகள்! அவள் மாடியிலிருந்து விழுவாள், அவன் பிடிப்பான். அவனுடைய பெரும்பொய் அவளுக்குத் தெரியாது. ஒப்புமை எங்கே?

1952-இல் வெளிவந்த சூப்பர்மேன் 76-ஆம் இதழைப் பாருங்கள். கிளார்க் கெண்டும் புரூஸ் வெய்னும் ஒரு பயணக் கப்பலில் ஒரே அறையில் தங்க நேர்கிறது. இருட்டில் இருவரும் தத்தம் வீர உடைக்கு மாறுகிறார்கள். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் ஒருவர் இரகசியத்தை மற்றவர் கண்டுவிடுகிறார். இதை எழுதியது ரசிகை அல்லள், நிறுவனம். (உறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வாலை வெட்டி ரசிகர்கள் 'ஷிப்' என்ற சொல்லை உண்டாக்கிக்கொண்டது பல்லாண்டுகளுக்குப் பின்னர். கப்பலும் ஷிப்பும் ஒன்றானது தற்செயல். ஆனால் இனிய தற்செயல்.) தன் முகமூடிக்குப் பின்னால் யார் என்பதை அறிந்த ஒருவர், அதே சுமையைத் தூக்குகிற ஒருவர், தன்னைத் தடுத்து நிறுத்தும் ஆற்றலுள்ள ஒருவர். மூவராகச் சொன்னது ஒரே ஆள்தான். பெண் பாத்திரத்துக்கு அந்த இடத்தை எழுதியவர்கள் தரவில்லை. ஒப்புமை தேடிய வாசகி, அது இருக்கும் இடத்தில் காதலை வைத்தாள். ஜோவன்னா ரஸ் 1985-இல் கிர்க்-ஸ்பாக் கதைகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சமத்துவ வேட்கையைத் தொட்டிருக்கிறார். அந்தக் கதைகளில் அச்சேறிய முதலாவது 1974-இல் வந்தது. இரு பெயருக்கும் இடையிலிட்ட சாய்கோட்டிலிருந்தே அவ்வகைக்கு 'ஸ்லாஷ்' என்று பெயர் வந்தது.

இணையைக் கண்டு அஞ்சியவர்களும் முன்பே உண்டு. மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்தம் 1954-இல் பேட்மேன் வீட்டைப் பற்றிக் குற்றப்பத்திரிகை வாசித்தார். அவர் சொன்ன இணை பேட்மேனும் ராபினும். ராபின் சிறுவன், அந்த வாசிப்பில் எனக்கு உடன்பாடில்லை. அதன் விளைவுதான் சுவையானது. அவ்வாண்டே காமிக்ஸ் துறை தனக்குத்தானே ஒழுக்க விதி வகுத்துக்கொண்டது. 1956-இல் பேட்வுமன் வந்து பேட்மேனைக் காதலிக்கத் தொடங்கினாள். ஐயத்தைப் போக்க அவசரமாக அழைத்துவரப்பட்ட பெண்! நம் சினிமாவில் இரு நாயகர் படத்துக்கு இரண்டு டூயட் வைப்பது நினைவுக்கு வருகிறது.

மாணவி பேச முயன்றது மொழியைப் பற்றி. அதற்கு வருகிறேன். தலைவரின் கேள்விக்கு உண்மையான விடை அங்கேதான் இருந்தது. அவர் மூன்று நிமிடம் பொறுத்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். அதை நண்பனிடமும் சொல்லலாம், பகைவனிடமும் சொல்லலாம், காதலனிடமும் சொல்லலாம். படத்தில் இரு நாயகர்கள் ஒருவரை ஒருவர் அச்சொல்லால் விளிக்கும்போது உறவு திறந்தே கிடக்கிறது. வங்காளத்தில் எழுத உட்கார்ந்தவருக்கு அந்த வசதி இல்லை. ஆப்னி, துமி, துயி என்று மூன்று படிகள். மரியாதைக்கு ஆப்னி. கல்லூரித் தோழர்கள் தமக்குள் பெரும்பாலும் துயி. துயி சொல்லிப் பழகிய இருவர் காதலரானால் வழக்கமாகத் துமிக்கு மாறுவார்கள்; அந்த மாற்றத்தைக் கேட்டே வீட்டார் கண்டுபிடித்துவிடுவதும் உண்டு. ஆக, காதல் என்பது இங்கே நட்பைவிட ஒருபடி மரியாதை கூடிய முன்னிலை. பேட்மேன் சூப்பர்மேனிடம் முதல் வாக்கியம் பேசும் முன்பே எழுத்தாளர் முடிவு செய்தாக வேண்டும். பிரவுனும் கில்மனும் 1960-இல் முன்னிலைப் பெயர்களில் அதிகாரத்தையும் நெருக்கத்தையும் தேடியபோது இரண்டு படிகளை வைத்துப் பேசினார்கள். மூன்று படி உள்ள மொழியில், இரு ஆண்களுக்கிடையே, முன்மாதிரி இல்லாத உறவுக்குப் படி தேடும்போது என்ன நிகழ்கிறது என்பது எளிய வினாவா?

தமிழில் எழுதிப் பாருங்கள். பழைய வீட்டு வழக்கில் கணவனுக்கு 'நீங்கள்', மனைவிக்கு 'நீ'. இரு ஆண்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு பொருந்தாது. 'நீ', 'டா' என்று எழுதினால் நண்பனும் அப்படித்தான் பேசுவான். வங்காளம் காட்டிக்கொடுக்கிறது, தமிழ் மறைத்துவைக்கிறது. அதாவது "வெறும் நண்பர்களாக இருக்கக் கூடாதா" என்பது வங்காளத்தில் இலக்கணக் கேள்வி. தமிழிலோ இலக்கணம் விடை சொல்ல மறுக்கும் கேள்வி. அவையோர் சிரித்ததால் இது பேசப்படவில்லை.

இணைப்பெயர்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், மொழியியல் படித்தவனால் அடக்க முடியவில்லை. ஸ்டீவையும் பக்கியையும் வெட்டி ஒட்டி 'ஸ்டக்கி' என்கிறார்கள் ரசிகர்கள். நம் உம்மைத்தொகையில் இருவர் பெயரும் சிதையாமல் நின்று, இறுதியில் பலர்பால் ஈறு வரும்: கபிலபரணர். யார் பெயர் முன்னே என்பதிலும் அரசியல் உண்டு. சொல் சிறியது முன்னே வருக என்பது பாணினி விதி. மதிப்புக்குரியது முன்னே என்பது வார்த்திகம். ஜப்பானிய ரசிகரிடம் இடப்பக்கப் பெயருக்கு உரியவரே காதலில் முந்துபவர். வரிசை மாறினால் வேறு கதை. ஒரு முனைவர் பட்டத்துக்கு இதுவே போதும்.

தலைவரின் கேள்வியில் ஓர் உண்மையான அச்சமும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆண்களுக்கிடையே உள்ள ஒவ்வொரு நெருக்கத்தையும் காதல் என்றே படித்தால் நட்புக்கு என்ன மிஞ்சும்? காணாமலே நட்புக்கொண்டு, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனோடு உயிர்விட வந்த பிசிராந்தையாரின் உறவுக்கு 'நட்பு' என்ற பெயரே முழுமையானது. அதை இன்னொன்றின் முகமூடி என்று நானும் சொல்ல மாட்டேன். இந்த ஊரில் ஆண்கள் கைகோத்து நடப்பதை இப்போதும் காண்கிறேன். இளையவர்களிடம் அது குறைவாகத் தெரிகிறது. ஆனால் அவர்கள் கையை விடுவித்துக்கொள்வது ரசிகை எழுதிய கதையைப் படித்துவிட்டா? அன்று அந்த அரங்கில் எழுந்த சிரிப்பைப் போன்ற ஒன்றுக்கு அஞ்சித்தான். இரு ஆண்களின் அன்பை நகைப்புக்குரியதாக்குபவரே நட்பின் காவலராகவும் நிற்க முடியாது.

இன்னொன்று. 1999 சூலை 2 அன்று இந்தக் கொல்கத்தாவில் பதினைந்து பேர் தெருவில் நடந்தார்கள். இந்தியாவின் முதல் வானவில் ஊர்வலம் என்று இன்று அதைச் சொல்கிறோம். அன்று அதற்கு வைத்த பெயர் 'நட்பு நடை'. 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது 2018 செப்டம்பர் 6-இல். இடையே பத்தொன்பது ஆண்டுகள். நட்பு, காதல் என்ற இரு சொற்களுக்கு நடுவே இந்த நகரத்தில் ஓடியிருக்கும் வரலாற்றை அறியாமல் "வெறும் நண்பர்கள்" என்று சொல்லிவிட முடியாது. அந்த 'வெறும்' நட்பையும் சேர்த்துத்தான் இழிவுபடுத்துகிறது.

என் பக்கத்தில் நிற்பதாகக் கருதும் தோழர்களுக்கும் ஒரு சொல். இருவரை இணைத்து எழுதியதாலேயே புரட்சி நடந்துவிட்டது என்று கட்டுரை எழுதாதீர்கள். கேப்டன் அமெரிக்காவின் பக்கத்தில் சாம் வில்சனும் நின்றான், கறுப்பினத்தவன். ரசிகர்களின் பெருங்காதல் பக்கிக்கே போயிற்று. அண்மையும் மௌனமும் இருந்தால் மட்டும் போதவில்லை, நிறமும் பார்க்கிறார்கள். ஒப்புமையைத் தேடி வந்த வாசகி பல கதைகளில் பெண் பாத்திரங்களை ஈவிரக்கமின்றி ஓரங்கட்டுகிறாள். நிறுவனங்களும் விழித்துக்கொண்டன: உறுதியாக ஒன்றும் சொல்லாமல் குறிப்பு மட்டும் காட்டிச் சீட்டு விற்கத் தெரிந்துகொண்டார்கள். ஹார்லி குவின், பாய்சன் ஐவி இணை போன்ற விதிவிலக்குகள் உண்டு. 1993-இல் தோழியராய்த் திரையில் சேர்ந்த இருவரை 2020-இல் அசைபடத் தொடரே காதலராக்கியது. அத்தகையவை சில. இவையெல்லாம் ஆராயப்பட வேண்டியவை. ஆராய முதலில் மேடையில் நிற்க விட வேண்டும்.

ஆய்வுப்பொருள் தகுதியுடையதா என்று கேட்கும் உரிமை தலைவருக்கு உண்டு. தரவு எவ்வளவு, எழுதியவர்களின் இசைவு பெற்றாயிற்றா, முன்னிலை மாற்றத்தை எப்படிக் குறியிட்டாய் என்று கேட்டிருந்தால் மாணவி திணறியிருக்கலாம்; திணறுவது பயிற்சி. அவற்றில் ஒன்றும் கேட்கப்படவில்லை.

வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு, பெஹாலா சௌரஸ்தாவுக்கு அருகில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டைமாடியில் அவர் கட்டுரையை முதலிலிருந்து வாசிக்க இசைந்திருக்கிறார். தலைமை கிடையாது. நாற்காலிகள் ஆறு, மற்றவர்களுக்குப் பாய். மறுப்பவர்கள் அவசியம் வருக. வாசித்து முடித்தபின் கேளுங்கள்.